செய்தவரும் செய்வித்தவரும்

முல்லையாற்றங்கரை வரலாறு – 19

தை பிறந்தால் பாலார்பட்டியில் பொங்கல் சூரியனுக்கு மட்டும் பொங்குவதில்லை. 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்து, முல்லைப் பெரியாற்று அணையைக் கட்டிய வெள்ளைக்கார எஞ்சினியர் பென்னிகுவிக்குக்கும் சேர்த்தே பொங்குகிறது. பிறந்த நாளும் பண்டிகையும் இப்படி ஒட்டி வந்ததைக் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் தற்செயல் என்று நினைப்பதில்லை. லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது, 2013-இல் திறந்தது. தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். பல வீடுகளில் குலதெய்வப் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம். பிள்ளைக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைத்த அப்பாக்களும் உண்டு. 2022-இல் தமிழ்நாடு அரசு இங்கிலாந்துக்கே போய், அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்த கேம்பர்லியில் சிலை வைத்தது.

நன்றி மறக்காத மண் என்று நம்மை நாமே மெச்சிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் இந்த வாரம் ஒரு சங்கடமான கேள்வியோடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த அணையைக் கட்டிய கொத்தனார் ஒருவர் பெயரை, ஒரே ஒருவர் பெயரை, நம்மில் யாராவது சொல்ல முடியுமா?

சென்ற வாரம் 1886 அக்டோபர் 29-இல் நிறுத்தியிருந்தோம். அணைக்காகத் திருவிதாங்கூர் திவான் ராமய்யங்காரும் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹானிங்டனும் குத்தகையில் கையெழுத்திட்ட நாள் அது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய், 999 வருடம். மறு வருடமே வேலை தொடங்கியது. 1895 அக்டோபர் 10 அன்று மதராஸ் கவர்னர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்துவைத்தார். அடி அஸ்திவாரத்திலிருந்து அளந்தால் 176 அடி உயரம்; நீளம் 1,200 அடி. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு, மலையைக் குடைந்த சுமார் 5,700 அடிச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் என்றால் 14,707 ஏக்கர் என்று விவசாயிகள் கடைசி எண் வரைக்கும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த ஏக்கரெல்லாம் இந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன.

இந்த அணையைப் பற்றிப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. பாதி கட்டிய அணையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அரசாங்கம் கையை விரித்தது. பென்னிகுவிக் சீமைக்குப் போய் மனைவியின் நகையையும் சொத்தையும் விற்றுப் பணத்தோடு திரும்பி வந்து கட்டி முடித்தார் என்பது கதை. தற்காலிகத் தடுப்பணைகளை வெள்ளம் திரும்பத் திரும்பப் பெயர்த்துக்கொண்டு போனது நிஜம். அணைக்குப் பணம் போட்டது மதராஸ் அரசாங்கம் என்பதும் நிஜம். அப்படியானால் நகை எங்கிருந்து வந்தது?

நம் வீட்டிலிருந்துதான் வந்திருக்கும் என்பது என் எண்ணம். கிணறு வெட்டப் பொண்டாட்டி கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தவன் இந்த ஊர் விவசாயி. பாறை குறுக்கிட்டால் தோட்டையும் விற்பான். தண்ணீருக்காக ஒருவன் எதையெல்லாம் இழப்பான் என்று அவனுக்குத் தெரியும். தனக்குத் தெரிந்த அந்தத் துயரத்தை எடுத்து அவன் எஞ்சினியருக்கு அணிவித்துவிட்டான். பட்ஜெட், மதிப்பீடு, ஒப்புதல் என்பதெல்லாம் அவன் பாஷை இல்லை. நகை அவன் பாஷை. ஊர் நினைவு இப்படித்தான் வேலை செய்கிறது. அது பொய் சொல்லவில்லை. தன் வாழ்க்கையையே வேறொருவர் பெயரில் எழுதிவைக்கிறது.

ஆனால் அந்த எழுத்தில் அணையை எழுப்பிய கைகளுக்கு இடம் கிடைக்கவில்லை. இதைப் புரிந்துகொள்ள ஆயிரம் வருடம் பின்னால் போய் உத்தமபாளையம் குன்றில் ஏற வேண்டும்.

உத்தமபாளையத்தில் பாறை முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. ஏறத்தாழ 9, 10-ஆம் நூற்றாண்டு வேலை. பக்கத்தில் வட்டெழுத்து. அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயர் இங்கேயும் வருகிறது. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி என்று மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் வருகிறது. இந்த வகைக் கல்வெட்டுகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு: இன்னார் செய்வித்த திருமேனி. செய்த என்று இல்லை, செய்வித்த என்று. அந்த ஒரு ‘வி’யை நின்று கவனியுங்கள். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். பொருள் கொடுத்தவருக்கும் புண்ணியம் தேடியவருக்கும் பிறவினையில் ஒரு பெயர் கிடைத்தது. பாறையின் நரம்பு பார்த்து, மூக்கு உடைந்துவிடாமல் உளி பிடித்தவருக்குத் தன்வினையில் ஒரு வரி கிடைக்கவில்லை.

எல்லாக் கைவினைஞருக்கும் இதே கதி என்று சொல்லிவிட முடியாது. நம் சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளைப் பற்றி ஒன்பதாம் அத்தியாயத்தில் பார்த்தோம். அதே பாண்டியர் குடியின் வேள்விக்குடிச் செப்பேட்டில், எட்டாம் நூற்றாண்டிலேயே, எழுத்தை வெட்டியவர் தன் பெயரைச் சொல்கிறார்: யுத்தகேசரிப் பெரும்பணைகாரன். பட்டம் போல ஒலிக்கும் பெயர். அரசன், புலவர், தானம் பெற்றவர் என்று எல்லோருக்கும் இடம் போன பிறகு இவருக்கும் ஓர் இடம். காரணம் எளிது. எழுத்துவேலை செய்பவன் கையில்தான் எழுத்து இருந்தது. சாந்து குழைத்தவன் கையில் கரண்டி இருந்தது. கரண்டியால் பெயர் எழுத முடியாது.

இப்போது அணைக்குத் திரும்புவோம். செய்தவர்கள் யார்?

அரசாங்கக் காகிதங்களில் கூலிக்காரன் தானாக வருவதில்லை. வேலைக்கு வராதபோதும் கூலி கூடுதலாகக் கேட்கும்போதும்தான் வருகிறான். 1850-இல் கேப்டன் ஃபேபர் காலத்தில் இங்கே சிறிய அணை ஒன்று கட்டத் தொடங்கிக் கைவிட்டார்கள். காரணமாகக் குறித்திருப்பவை இரண்டு: காய்ச்சல், வேலையாட்கள் கேட்ட அதிகக் கூலி. பெரியாற்று வேலை வரலாற்றில் நம் ஆட்கள் எழுப்பிய முதல் குரல் அதுதான் போலிருக்கிறது. உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிறாய், அதற்கேற்ற கூலி கொடு என்றிருக்கிறார்கள். அது நியாயமான கணக்கு என்று எழுத எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை.

1887-க்குப் பிறகு வந்தவர்களில் மெட்ராஸ் பயனியர் படையின் 1-ஆவது, 4-ஆவது பட்டாலியன் ஆட்கள் உண்டு. இவர்கள் துப்பாக்கியோடு மண்வெட்டியும் பிடிக்கப் பழகிய சிப்பாய்கள். கொச்சியிலிருந்து தச்சர்கள் வந்தார்கள். தடுப்பணைகளுக்கான மரவேலை இவர்கள் பொறுப்பு. ஆவணங்கள் இவர்களைப் போர்த்துகீசியத் தச்சர்கள் என்கின்றன. கொச்சியைப் போர்த்துகீசியர் டச்சுக்காரர்களிடம் இழந்தது 1663-இல். இருநூறு வருடத்துக்கு மேல் கழித்தும் அந்தத் தச்சர்களுக்கு மூதாதையின் தேசம்தான் முகவரி. வெள்ளத்தில் பலமுறை பிய்த்துக்கொண்டு போன தடுப்பை மீண்டும் மீண்டும் முட்டுக்கொடுத்து நிறுத்திய அந்தக் கைகளுக்கு வேறு பெயர் எழுதப்படவில்லை.

இவர்களைத் தவிரக் கல் உடைத்தவர்கள், சுண்ணாம்பு சுட்டவர்கள், செங்கல் இடித்தவர்கள், மலைப்பாதையில் பாரம் ஏற்றிய வண்டிக்காரர்கள், சாந்து சுமந்தவர்கள், கொத்தனார்கள் இருந்தார்கள். வேலையில் இருந்த ஏ. டி. மெக்கன்ஸி என்ற எஞ்சினியர் எழுதிய பெரியாறு திட்ட வரலாறு 1899-இல் மதராஸில் அச்சானது. இந்த அணையைப் பற்றி யார் எழுதினாலும் அந்தப் புத்தகத்தைத் தொடாமல் எழுத முடியாது. எஞ்சினியர்களுக்கு அதில் பெயர் இருக்கிறது. வேலையாட்கள் கூட்டமாகவும் எண்ணாகவும் வருகிறார்கள்.

இறந்தவர்களையும் ஓர் எண்ணாகத்தான் இன்று சொல்கிறோம்: நோயில் இறந்து அணைக்கு அருகே புதைக்கப்பட்டவர்கள் 483 பேர். மலைக்காய்ச்சல் எப்படி வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. வைத்தியம் பார்த்த டாக்டர்களுக்கும் தெரியாது. காட்டுத் தண்ணீர், கெட்ட காற்று, இலை அழுகல் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்ட் 20-இல். அணை திறந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அவர்கள் செய்த வேலை என்ன என்பதாவது நமக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகக் கம்பத்தில் எழுபது வயது தாண்டிய ஒரு கொத்தனாரைப் போய்ப் பார்த்தேன். பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த கடைசித் தலைமுறையில் ஒருவர். கொல்லையில் ஓர் இரும்புத் தொட்டி. அதில் சுட்ட சுண்ணாம்புக் கற்களைப் போட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்.

“தள்ளி நில்லுங்க தம்பி, தாளிக்கப் போறேன்” என்றார்.

சுண்ணாம்பைத் தாளிப்பது என்பது கொத்தனார் வழக்கு. அடுப்பில்லாமல், நெருப்பில்லாமல் தொட்டி கொதிக்க ஆரம்பித்தது. கல் சீறி, வெடித்து, மாவாக உதிர்ந்தது. பக்கத்தில் நின்ற என் முகத்தில் சூடு அடித்தது. சுண்ணாம்புக்கல்லைக் காளவாசலில் சுடும்போது கரியமில வாயு வெளியேறிவிடும். எஞ்சிய கல் தண்ணீருக்காகத் தவித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டதும் அந்தத் தவிப்பு சூடாக வெளிவருகிறது. மதுரையில் பேருந்து நிறுத்தமாக நமக்குத் தெரிந்த காளவாசல் என்ற பெயருக்குள் இந்தச் சூளைதான் இருக்கிறது.

“இது வெறும் சொவத்துக்கு ஆகும். தண்ணிக்குள்ள நிக்கணும்னா செங்கத்தூள் சேக்கணும்” என்றார் பெரியவர்.

அதுதான் சுர்க்கி. நன்றாக வெந்த செங்கல்லை இடித்துச் சலித்த தூள். தனிச் சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்குக் காற்று வேண்டும். தண்ணீருக்கடியில் அது கரைந்துகொண்டே இருக்கும். சுட்ட களிமண் தூளைச் சேர்த்தால் அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு கூடி, தண்ணீருக்குள்ளேயே இறுகும் பசையாகிறது. ரோமானியர் எரிமலைச் சாம்பலைப் போட்டுத் துறைமுகம் கட்டியது இதே தத்துவத்தில்தான். எரிமலை இல்லாத நம் ஊரில் செங்கல் சூளை அந்த வேலையைச் செய்தது. முல்லைப் பெரியாற்றின் முன்முகமும் பின்முகமும் கருங்கல் கட்டுமானம். நடுவயிறு முழுக்கச் சுண்ணாம்பு சுர்க்கிக் கான்கிரீட்.

பெரியவர் செங்கல்தூளும் மணலும் சேர்த்துக் குழைத்தார். அரைமணி நேரம் பேச்சில்லை. பழைய காலத்தில் வட்டமாக வெட்டிய பள்ளத்தில் மாடு பூட்டிய கல்லுருளையை ஓட்டிச் சாந்து அரைப்பார்களாம். இப்போது கரண்டியும் கையும்தான். குழைத்த சாந்தில் ஒரு கரண்டி அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டி, சட்டென்று தலைகீழாகக் கவிழ்த்தார். சாந்து விழவில்லை.

“விழுந்தா இன்னும் அரைக்கணும். எங்கப்பா இப்படித்தான் பாப்பாரு, அவரு அப்பாவும் இப்படித்தான். சிமெண்டு அவசரக்காரன் தம்பி. சுண்ணாம்பு நெதானமாத்தான் இறுகும். நாம போன பொறவும் இறுகிக்கிட்டிருக்கும்.”

உங்கள் முன்னோர் யாராவது பெரியாத்து வேலைக்குப் போனார்களா என்று கேட்டேன். தெரியாது என்றார். போயிருக்கலாம். தாத்தாவின் அப்பா பெயர் வரைதான் அவருக்குத் தெரியும். ஆனால் அந்த முப்பாட்டன் சாந்தைச் சோதித்த விதம் அவருக்குத் தெரியும். பெயர் மூன்று தலைமுறையில் நின்றுவிட்டது. கரண்டியைக் கவிழ்க்கும் மணிக்கட்டு ஐந்து தலைமுறையும் தாண்டி வந்திருக்கிறது. கைவினைஞர் வரலாற்றைத் தேடுபவர் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது என்பது அந்தக் கொல்லையில்தான் எனக்கு உறைத்தது.

அணையில் சுர்க்கி இறுகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு மனிதர் இதே கவலையில் இருந்தார். ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்தர் ஹாசேலியஸ். 1846-இல் அந்த நாட்டில் கைவினைச் சங்கங்களின் பழைய கட்டுமானத்தைச் சட்டம் கலைத்தது. தொழிற்சாலைகள் வந்தன. கிராமத்து நெசவும் மரவேலையும் கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்தன. ஹாசேலியஸ் 1870-களிலிருந்து ஊர் ஊராகப் போய் உடை, கருவி, தட்டுமுட்டுச் சாமான் என்று சேர்த்தார். 1873-இல் ஸ்டாக்ஹோமில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். பொருள் மட்டும் போதாது என்று தோன்றியதும் வீடுகளையே வாங்கினார். மோரா என்ற ஊரின் மரவீடு ஒன்றை 1885-இல் வாங்கி, கட்டைகளைப் பிரித்து, கொண்டுவந்து, மறுபடி கோத்து நிறுத்தினார். 1891 அக்டோபரில் அவர் ஒரு குன்றின் மேல் திறந்த ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது. உள்ளே பட்டறைகள் உண்டு. கண்ணாடி ஊதுபவர் உங்கள் கண்முன்னே ஊதுவார். பொருளைப் பெட்டியில் பூட்டினால் கை மறந்துவிடும், வேலை நடந்தால்தான் நினைவு நிற்கும் என்பது அவர் கண்ட வழி. அவருக்கு அது பழம்பெருமையும்தான்: ஸ்வீடன் என்றால் இதுதான் என்று காட்ட நினைத்தார். அழகான குடியானவன் வீடு அந்தக் குன்றில் ஏறியது. காய்ச்சலும் கூலித் தகராறும் ஏறவில்லை.

அந்தக் குறையைச் சொன்னவரும் ஸ்வீடன்காரர்தான். ஸ்வென் லிண்ட்க்விஸ்ட் 1978-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘நீ நிற்கிற இடத்தைத் தோண்டு’. தொழிற்சாலை வரலாறுகள் எல்லாம் முதலாளிகள் எழுதுவித்தவை. அதே வேலையை முப்பது வருடம் செய்த தொழிலாளிக்கு அந்த வேலையைப் பற்றி எந்தப் பேராசிரியரையும்விட அதிகம் தெரியும். அவனே தன் வேலையின் வரலாற்றைத் தோண்டட்டும் என்றார். எப்படித் தோண்டுவது என்று முறையும் சொன்னார். உதாரணத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட தொழில், சிமெண்ட். படித்தபோது கம்பத்துப் பெரியவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். ‘வி’யை எடுத்துவிட்டுப் படி என்று ஸ்வீடன்காரர் ஒருவர் தமிழ் இலக்கணம் நடத்துவது போலிருந்தது.

நமக்கு ஸ்டாக்ஹோம் வரை போக வேண்டியதில்லை. நாம் நிற்கிற இடத்திலேயே ஒரு கல் இருந்தது.

2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இந்தியாவிலேயே மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்கள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியவை. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், மாண்ட தீயன் அந்தவன் என்பவனுக்கு நட்ட கல். அந்தக் கூடலூர் நம் கம்பத்துக்கு அடுத்த கூடலூர்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அரசன் இல்லை, வள்ளல் இல்லை. மாட்டுக்காக மோதி மாண்ட ஒருவன். அவனுக்குப் பெயர் உண்டு, அவன் செத்த இடத்துக்குப் பெயர் உண்டு, செத்த காரணத்துக்கும் ஒரு சொல் உண்டு. செய்வித்தவன் என்று அதில் யாரும் இல்லை. எழுத்து தெரிந்த ஒரு கை அவனுக்காக உளி பிடித்திருக்கிறது.

சாதாரண ஆளின் பெயரைக் கல்லில் வெட்டும் வழக்கம் இந்தப் பள்ளத்தாக்குக்கு அவ்வளவு பழையது. கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப், அங்கிருந்து மலையேறினால் குமுளி, தேக்கடி. தீயன் அந்தவன் மாண்டதாகக் கருதப்படும் ஊரைத் தாண்டித்தான் அணை வேலைக்கு ஆட்கள் போயிருப்பார்கள். அதே வழியில்தான் பெரியாத்துத் தண்ணீர் இறங்கி வருகிறது.

பென்னிகுவிக் படத்தை யாரும் சுவரிலிருந்து இறக்க வேண்டாம். பொங்கல் பானையும் பொங்கட்டும். கம்பத்துப் பெரியவரிடம் விடைபெற்றபோது, தொட்டியில் மிஞ்சிய சாந்தைக் கொல்லைச் சுவரின் ஒரு விரிசலில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கடைசியில் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. ரேகை அப்படியே பதிந்தது. இறுகட்டும், அவசரமில்லை என்றார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: 1959-இல் வைகை அணை திறந்தபோது தண்ணீருக்கடியில் போன ஊர்கள்.